வாயை மட்டும் அசைத்தவள்

பாட்டு எழுத உட்காரும்போது நான் முதலில் செய்வது சத்தத்தை நிறுத்துவது. வேற்று மொழிக் கார்ட்டூன்களுக்குத் தமிழில் பாட்டு எழுதுவது என் பிழைப்பு. திரையில் ஒரு கரடியோ, கப்பல் தலைவனோ, கன்னம் உப்பிய ஒரு நிலாவோ எதையோ பாடிக்கொண்டிருக்கும். அதன் உதடு மூடுகிற இடத்தில் என் தமிழும் உதட்டை மூட வேண்டும். அது வாயைக் குவித்தால் எனக்கு ஓர் ‘ஓ’ வேண்டும், இளித்தால் ஓர் ‘ஈ’ வேண்டும். பொருள் அப்புறம். பொருள் எங்கள் பக்கத்துப் பேருந்து மாதிரி, தாமதமானாலும் எப்படியும் வந்துவிடும்.

வடபழனிப் பக்கம் நான் போகும் ஒலிப்பதிவுக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் சமீபத்தில் கேட்டான். “உதட்டுக்கு இவ்ளோ கரெக்டா வார்த்தை போடறீங்களே மேடம், எங்க கத்துக்கிட்டீங்க?”

“ஸ்கூல் கொயர்ல,” என்றேன்.

“அப்போ நல்லா பாடுவீங்க!”

“நல்லா பாடாம இருப்பேன்.”

அவன் சிரித்தான். நான் ஏதோ நகைச்சுவை சொன்னதாக நினைத்துக்கொண்டான். பாவம், வேலைக்குப் புதுசு. நான் சொன்னது வெறும் தகவல்.

என் குரல் கட்டை. இப்போது அதைக் கம்பீரம் என்கிறார்கள், சிலர் அதற்காகவே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். பதின்மூன்று வயதில் அதன் பெயர் கம்பீரம் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவின்போது “பிரசென்ட் மிஸ்” என்று நான் சொன்னால், யார் அது என்று முன்பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்க்கும். தினமும் பார்க்கும். ஒரே குரலுக்கு ஒரு வருடம் முழுக்க ஆச்சரியப்படுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும், அது அவர்களிடம் இருந்தது.

எட்டாம் வகுப்பில்தான் என்னை அந்தப் பள்ளியில் சேர்த்தார்கள். கிழக்குத் தாம்பரத்தில், பயிற்சி விமானங்கள் தாழப் பறக்கும் பகுதியில் இருந்த ஆங்கிலப் பள்ளி அது. அப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். அம்மா கோவளம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்றாள். என்மேல் மீன் வாசனை அடிக்கிறது என்று பள்ளியில் யாரும் கேலி செய்ததில்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டுமே.

எனக்குப் பாட்டு என்றால் உயிர். அம்மாவின் கடையில், ஐஸ் பெட்டிமேல் ஒரு பழைய செல்போன் கிடக்கும், அதில் நாள் முழுக்க எஃப்எம் ஓடும். விடுமுறை நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் போதும், அது காதோடு நிற்காது, உடம்பு முழுக்கப் பரவிவிடும். பாத்திரம் தேய்த்தால் அந்தத் தாளத்தில்தான் கை போகும், நடந்தால் கால் அதற்குத்தான் விழும். இத்தனை பாட்டையும் உள்ளே வைத்துக்கொண்டு ஒரு வரியைக்கூட வெளியே விட முடியாத தொண்டை எனக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று கடவுள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. கொஞ்சம் இன்னும் இருக்கிறது.

கொயருக்கு, அதாவது பள்ளியின் சேர்ந்திசைக் குழுவுக்கு, ஆள் எடுத்த அன்று இசை அறையில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். இசை ஆசிரியை கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்துவார், அந்தச் சுருதியில் பாட வேண்டும். நான் பாடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கீபோர்டைத்தான் பார்த்தார், அதில் ஏதோ கோளாறு என்பதுபோல. இன்னொரு முறை அழுத்தினார். நான் இன்னொரு முறை பாடினேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“நல்ல ஹைட்டா இருக்கே. லாஸ்ட் ரோவுல நில்லு. பாட வேண்டாம்மா, வாயை மட்டும் அசை. ஸ்டேஜ் நிறைஞ்சு தெரியணும் எனக்கு.”

மானமுள்ளவள் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். நான் தேங்க்ஸ் மிஸ் என்றேன். அந்த ஆசிரியைமேல் எனக்கு எந்தக் காலத்திலும் வருத்தம் இல்லை. அவருக்கு மேடை நிறைந்து தெரிய வேண்டும், எனக்கு அந்த அறைக்குள் இருக்க வேண்டும். முன்வரிசை பாட ஆரம்பித்ததும் நான் ஏறி நின்ற மரப்பலகை அதிரும். அந்த அதிர்வு செருப்பில்லாத காலில் ஏறி வயிறுவரை வரும். மூன்று விதமான குரல்கள் தனித்தனியாகப் போய் ஓரிடத்தில் சேருகிறபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பள்ளியில் நான் சந்தோஷமாக இருந்த ஒரே இடம் அந்தப் பலகைதான்.

வீட்டில் வந்து, “என்னைக் கொயர்ல சேத்துக்கிட்டாங்க,” என்றேன். கொயர் என்றால் என்னவென்று அம்மா கேட்டாள். எல்லாரும் சேர்ந்து பாடுவது என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? ஆனால் மறுநாளே ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் வாங்க வந்த அத்தனை பேருக்கும் செதிலோடு செய்தியும் பறந்தது. “நம்ம பாப்பா இஸ்கூல்ல பாடகிக்கா. இங்கிலீஷ்ல பாடுது.”

வீட்டில் பாடிக் காட்டச் சொன்னபோது, தொண்டையை வீணாக்கக் கூடாதென்று மிஸ் சொல்லியிருக்கிறார் என்று சமாளித்தேன். அம்மா அதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து படுக்கப் போகும் முன் எனக்கு மஞ்சளும் மிளகும் போட்ட பால். ஐஸ் தண்ணீர் கூடாது, மோர் கூடாது. பாடாத தொண்டைக்கு அவ்வளவு ராஜ உபசாரம் நடந்தது. மிளகு காரத்தைவிட அம்மாவின் நம்பிக்கைதான் எனக்குத் தொண்டையில் அடைத்தது.

கடைசி வரிசையில் என்னைப் போல ஊமையாக நின்றவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவன் குரல் உடைந்துகொண்டிருந்த ஒரு நெட்டைப் பையன். அவன் வாயைத் திறந்தால் எந்தக் குரல் வரும் என்று அவனுக்கே தெரியாது. இன்னொருத்தி விமானப்படைக் குடும்பத்துப் பெண், வடக்கே எங்கிருந்தோ வருட நடுவில் வந்து சேர்ந்தவள், வீட்டில் இந்தி. நாங்கள் மூவரும் ஆரம்பத்தில் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தோம். ஆசிரியைக்குக் கண் கூர்மை. “பேக் ரோ! சும்மா வாயைத் திறந்து மூடாதீங்க. வார்த்தையைச் சொல்லுங்க. லிப்ஸ் முன்வரிசையோட சேர்ந்து போகணும்.”

வார்த்தையைச் சொல்வது என்றால் எந்த வார்த்தையை? விடியலையும் மலையையும் கோயில் மணியையும் பற்றிய ஓர் ஆங்கிலப் பாட்டு அது. மாதக்கணக்கில் அதையே சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தால் யாருக்கும் சலித்துப்போகும். ஒரு நாள் சலிப்பில் அந்த மெட்டுக்கு நான் தமிழைப் போட்டு வாயசைத்தேன். பக்கத்தில் நின்ற நெட்டையன் என் உதட்டைப் பார்த்துப் படித்துவிட்டான். தோள் குலுங்கச் சிரித்து மாட்டிக்கொள்ளப் பார்த்தான்.

அன்று இடைவேளையில் என்னிடம் வந்தான். “மச்சான், செம. ஆனா அந்த ரெண்டாவது எடத்துல மிஸ் கண்டுபுடிச்சிருவாங்க. அங்க எல்லாருக்கும் உதடு மூடுது, உனக்கு மட்டும் தொறந்துக்குனு கீது.”

பள்ளியில் என்னை முதல் முதலாக மச்சான் என்று கூப்பிட்டது அவன்தான். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அதிலிருந்து அதுவே எங்கள் தொழிலானது. ஆங்கிலத்தில் உதடு மூடினால் எங்களுக்கு அங்கே ஒரு ‘ம’வோ ‘ப’வோ வேண்டும். வாய் குவிந்தால் ஓகாரம். அதற்குள் பள்ளிக் கேன்டீன் சமோசாவையும், கணக்கு வாத்தியாரின் கர்சீப்பையும், சேலையூர் சாலைப் பள்ளங்களையும் அடைத்தோம். விமானப்படைப் பெண் எங்கள் வரிகளில்தான் தமிழ் கற்றாள். ‘சமோசாக்குள்ள உருளைக்கிழங்கைத் தேடிக்கினு போறேன்’ என்பதுதான் அவளுக்குத் தெரிந்த முதல் முழுத் தமிழ் வாக்கியம் என்று நினைக்கிறேன். நான் எழுதியதிலேயே மற்ற இருவருக்கும் ரொம்பப் பிடித்தது அம்மாவின் கடையைப் பார்த்து நான் கட்டிய வரி:

‘மேடம் பேரம் பேசிப் பேசி
மீனு மூஞ்சி வாடிப்போச்சி.’

எண்ணிப் பாருங்கள், அந்த வரியில் எத்தனை இடத்தில் உதடு மூடுகிறது. விடியலும் மணியும் மலையும் வரும் அடிக்கு அது சட்டை தைத்த மாதிரி உட்கார்ந்தது. முன்வரிசை கடவுளின் காலைப்பொழுதைப் பாட, பின்வரிசையில் நாங்கள் முகத்தை அதே பக்தியோடு வைத்துக்கொண்டு மீன் விற்றோம்.

பயிற்சி விமானங்கள் எங்களுக்குக் கிடைத்த வரம். நாங்கள் ஒத்திகை பார்க்கும் நேரத்தில்தான் அவை தலைக்கு மேல் வட்டமடிக்கும். அந்த இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. ஆனால் ஆசிரியை கையை இறக்க மாட்டார். என்ன நடந்தாலும் பாட்டை நிறுத்தக் கூடாது என்பது அவர் சட்டம். அப்போதுதான் நாங்கள் குரலை விடுவோம். இரைச்சல் கூரைமேல் வந்ததும் மூவரும் தொண்டையைத் திறந்து எங்கள் தமிழைப் பாடுவோம். விமானம் விலகத் தொடங்கியதும் மூடிவிடுவோம். நாளாக ஆக இது யோசித்துச் செய்கிற காரியமாக இல்லை. இரைச்சல் வந்தால் என் வாய் தானே திறந்துகொள்ளும்.

ஆண்டு விழா வந்தது. பெற்றோருக்கு அழைப்பு அனுப்பினார்கள். அப்பாவுக்கு ஷிஃப்ட். அம்மா வருவதாகச் சொன்னாள்.

“கடையை யாரு பாத்துப்பா? நீ வர வேணாம்மா. கூட்டத்துல என்னைக் கண்டுபுடிக்கக்கூட முடியாது.”

“கண்டுபுடிக்காம? பெத்தவளுக்கு எம் புள்ள கொரலு தெரியாதா? பக்கத்துக் கடைக்காரிகிட்ட சொல்லிட்டேன், அவ பாத்துக்குவா.”

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்புதான். அம்மா வருவாள், காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவாள், அத்தனை குரலில் என் குரலைத் தேடுவாள். அது அங்கே இருக்காது. சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் கேட்க வந்தது ஓர் ஊமையை என்று தெரிந்தால் என்ன ஆகும்? சந்திப்பில் மறுநாள் எந்த முகத்தோடு மீன் வெட்டுவாள்? இதற்குப் பேசாமல் காய்ச்சல் வந்து தொலைக்கலாம் என்று வேண்டிக்கொண்டேன். மிளகுப் பால் குடித்த உடம்புக்குக் காய்ச்சலாவது ஒன்றாவது.

மேடை விளையாட்டு மைதானத்தில் போட்டிருந்தார்கள், முன்னால் பந்தல். அம்மா தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். முதல் ஆளாக வந்ததால் நடுவில் நல்ல இடம் கிடைத்தது. பிறகு கூட்டம் சேரச் சேர, எழுந்து மேடை ஓரத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். அங்கே காற்று வருகிறதாம், கையசைத்துச் சொன்னாள். அந்த ஓரத்தில், மேடைக்குப் பின்னால், எங்கள் கடைசி வரிசைக்குப் பத்தடி தள்ளி, ஜெனரேட்டர் நின்றது.

எங்கள் பாட்டு பாதி வந்திருக்கும். கரண்ட் போயிற்று. விளக்கு அணைந்தது, மைக் செத்தது. இன்னும் வெளிச்சம் இருந்ததால் ஆசிரியையின் கை மட்டும் தெரிந்தது. கை இறங்கவில்லை. முன்வரிசை மைக் இல்லாமலே தொடர்ந்து பாடியது. யாரோ போய் ஜெனரேட்டரை இழுத்துவிட்டார்கள்.

டீசல் நாற்றத்தோடு அந்த இரைச்சல் எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. பலகை நடுங்கியது. என் வாய் திறந்துகொண்டது. நான் யோசிக்கவே இல்லை. ஆண்டு விழா, அம்மா, மேடை எதுவும் நினைவில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுத் தொண்டையில் பாடினேன். விமானம் என்றால் மெதுவாக விலகும், நமக்கு வாயை மூட நேரம் கொடுக்கும். ஜெனரேட்டருக்கு அந்த மரியாதை தெரியாது. இரண்டு முறை இருமிவிட்டுச் சட்டென்று நின்றுவிட்டது. அந்த இடத்தில் முன்வரிசைக்குப் பாட்டில் ஓர் இடைவெளி, எல்லோரும் மூச்சு இழுக்கிற இடம். மைதானமே நிசப்தம். அந்த நிசப்தத்தில் என் கட்டைக் குரல் மட்டும் தனியாக, தெள்ளத் தெளிவாக, ‘மீனு மூஞ்சி வாடிப்போச்சி’ என்று பாடி முடித்தது.

கண்ணைத் திறந்தேன். முன்வரிசை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பழகிய காட்சிதான், ஆனால் இந்த முறை ஊரும் சேர்ந்து பார்த்தது. பந்தலில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பிப் பரவியது. ஆசிரியையின் கை அப்போதும் இறங்கவில்லை. பாட்டை முடித்தார்கள். நான் உதட்டைக்கூட அசைக்கவில்லை. அம்மா இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

மேடைக்குப் பின்னால் ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. “நாளையிலேர்ந்து மியூசிக் ரூமுக்கு நீ வர வேண்டாம்மா,” என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பலகை போய்விட்டது, என் கால் இனி அதில் படாது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று அழுதேன். நெட்டையன் தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அம்மா வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் நிறுத்தத்துக்கு நடந்தோம். பேருந்தில் கூட்டம். எப்படியோ ஓர் இருக்கையைப் பிடித்து என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலையூர் தாண்டுவதற்குள் என்னால் அடக்க முடியவில்லை.

“அம்மா, நான் கொயர்ல பாடறதே இல்ல. என் கொரலு கட்டைன்னு பாட வுட்டதே இல்ல. வாயை மட்டும்தான் அசைப்பேன். உன்கிட்ட சொல்லல.”

அம்மா பூவைச் சரிசெய்துகொண்டாள். “அப்ப இன்னிக்குப் பாடுனது யாரு, பேயா?”

“அது பாட்டே இல்லம்மா. சும்மா விளையாட்டுக்கு...”

“இத பாரு. அத்தினி பேரு அத்தினி பாட்டு பாடுனாங்கோ. நானும் கைதட்டிக்கினு குந்திக்கினு இருந்தேன். சத்தியமா ஒரு வார்த்த வெளங்கல. வேற யாருதோ விசேசத்துக்கு வந்துட்ட மாறி பேஜாரா இருந்துச்சு. நீ பாடுனது ஒண்ணுதான்டி எனக்குப் புரிஞ்சிது.”

கேம்ப் ரோடு சிக்னலில் பேருந்து நின்றது. அம்மா முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

“மூஞ்சி வாடிப்போச்சி. சரி. அப்பால இன்னா ஆச்சு அந்த மீனுக்கு?”

அப்பால ஒன்றும் இல்லை. அந்த அடிக்கு அந்த ஒரு வரியைத்தான் திருப்பித் திருப்பிப் பாடுவோம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை அதே மெட்டில் மெதுவாகக் கட்டினேன்.

“மீனு சொல்லுது, மேடம் மேடம்,
வூட்டுக்கு என்னை இட்டுக்கினு போ...”

அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அய்ய, மேடம் வூட்ல பூனை இருந்தா?”

பூனைக்கு ஒரு வரி கட்டினேன். சிக்னல் விழுந்து பேருந்து கிளம்பியது. நானே அறியாமல் என் குரல் ஏறியிருக்க வேண்டும். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் கூட்டத்துக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, “யாரும்மா அது பாடறது?” என்று கேட்டார். என் குரல் அந்த நொடியே நின்றுபோனது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அம்மா கண்டக்டரைப் பார்க்கவே இல்லை. என் வாயைப் பார்த்தாள். தலையை என் பக்கம் சாய்த்து, காதை என் வாயருகே கொண்டுவந்தாள்.

“சத்தமாப் பாடுடி. எனக்குக் கேக்கல.”